1500 வாட் கெட்டில், ஒரு லிட்டருக்கு 6 நிமிடம்: மீதி வாட் எங்கே போகிறது?

கேள்வி (மார்ச் 2)

புது ஸ்டீல் கெட்டில். அடியில் 1500 வாட் என்று போட்டிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து டக்கென்று அணைய 6 நிமிடம் 10 நொடி ஆகிறது. பள்ளிக்கூடக் கணக்குப்படி மூன்றரை நிமிடம்தானே வரணும்? லேபிளில் பொய் எழுதி விற்கிறார்களா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மார்ச் 2, இரவு

இப்போதே திருப்பிக் கொடுக்க வேண்டாம். முதலில் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.186 கிலோஜூல். 25 டிகிரியிலிருந்து 100 வரை 75 டிகிரி, ஆக 314 கிலோஜூல். 1500 வாட் என்றால் நொடிக்கு 1.5 கிலோஜூல். வகுத்தால் 209 நொடி, உங்கள் மூன்றரை நிமிடம். கணக்கு சரிதான். ஆனால் அதற்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, மொத்தச் சூடும் தண்ணீருக்கே போகிறது என்பது. இரண்டு, கெட்டிலுக்கு நிஜமாகவே 1500 வாட் கிடைக்கிறது என்பது.

முதல் அனுமானம் கொஞ்சம் ஆட்டம் காணும். பாத்திரமும் சூடாக வேண்டும், பக்கவாட்டில் சூடு போகும், மூடி இடுக்கில் ஆவி போகும். ஒரு லிட்டர் வைத்தால் 85 முதல் 90 சதவீதம் வரை தண்ணீருக்குச் சேரும். போதாதற்கு, கொதி வந்ததும் கெட்டில் அணைவதில்லை. ஆவி எழுந்து, கைப்பிடிக்குள் இருக்கிற தகட்டைத் தொட்டு, அது வளைந்து சுவிட்சைத் தட்ட இன்னொரு 15, 20 நொடி. நீங்கள் டக் சத்தம் வரைக்கும் அளந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தைக் கழித்துவிட வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்தாலும் 6:10 வராது. எனவே இரண்டாவது அனுமானத்தில்தான் சிக்கல். மூன்று விவரம் சொல்லுங்கள். லேபிளில் உள்ளதை எழுத்து விடாமல் அப்படியே போடுங்கள். தண்ணீர் எத்தனை டிகிரியில் இருந்தது? எந்த வேளையில் அளந்தீர்கள்?

மார்ச் 3, காலை

பதில் வந்திருக்கிறது: "220–240 வோல்ட், 1260–1500 வாட்". தண்ணீர் 26 டிகிரி. அளந்தது மாலை ஏழரை மணி.

பாதி விடை லேபிளிலேயே இருக்கிறது. 1260–1500 என்பதைப் பலர் "குறைவு, அதிகம்" என்று இரண்டு வேகம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. உள்ளே இருப்பது ஒரே எலிமெண்ட், அதாவது சூடேற்றும் கம்பி. 220 வோல்ட் கொடுத்தால் அது 1260 வாட் இழுக்கும், 240 கொடுத்தால் 1500. வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால்தான் இவ்வளவு இடைவெளி. 220-ஐ 240-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 1500-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1260 வந்து நிற்கும். கடைகளில் பார்க்கிற "1850–2200 வாட்" கெட்டிலும் இதே கதைதான். கொட்டை எழுத்தில் பெட்டி மேல் அச்சாவது பெரிய எண் மட்டும்.

ஆக, உங்கள் கெட்டில் 240 வோல்ட்டில்தான் 1500. எலிமெண்டின் மின்தடை 38.4 ஓம். அதை வைத்துக்கொண்டு போட்டால் 230 வோல்ட்டில் 1378 வாட், 210-இல் 1148, 200-இல் 1042. வோல்டேஜ் 180-க்கு விழுந்தால் 844 வாட்தான். வோல்டேஜ் கால்வாசி குறைந்தாலே வாட் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்ணுக்குத் தெரிகிறது. கெட்டில் மெதுவானால் கெட்டில் மோசம் என்று நினைத்துவிடுகிறோம்.

எண் சரியாக இல்லை என்று புகார் சொல்வதற்கும் ஒரு வரம்பு உண்டு. இந்த வகைச் சாதனங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம், ஐஇசி 60335, சூடேற்றும் சாதனங்களுக்கு லேபிள் வாட்டிலிருந்து 5 சதவீதம் கூடவும் 10 சதவீதம் குறையவும் இடம் கொடுக்கிறது. 1500 என்று எழுதிவிட்டு 1350 இழுத்தாலும் அது விதிக்கு உட்பட்டதே.

மார்ச் 3, மதியம்

கெட்டில் குற்றவாளியா இல்லையா என்பதை ஒரு நிமிடத்தில் முடிவு செய்யலாம். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முழுக்கக் கழற்றிவிடுங்கள். கெட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அடித்தட்டில் வைத்து, அதன் சுவிட்சை மட்டும் கீழே தட்டுங்கள். மல்டிமீட்டரை ஓம் நிலைக்கு மாற்றி, பிளக்கின் இரண்டு முள்ளுக்கு நடுவில் வையுங்கள். எர்த் முள்ளைத் தொட வேண்டாம். 38-ஐ ஒட்டி வந்தால் எலிமெண்ட் நலம். 50, 60 என்று வந்தால் அப்போது கடைக்காரரிடம் போகலாம்.

மல்டிமீட்டரைக் கரண்ட் ஓடுகிற சாக்கெட்டுக்குள் விட்டு வோல்டேஜ் பார்க்கும் வேலையைப் பழக்கமில்லாதவர்கள் செய்ய வேண்டாம். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகுகிற வாட் மீட்டர் கிடைக்கிறது. அது வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாம் காட்டும். 16 ஆம்பியர் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

மார்ச் 4

38.6 ஓம். கெட்டிலில் குறை இல்லை. லேபிளில் பொய்யும் இல்லை.

இன்னொரு தகவலும் அனுப்பியிருக்கிறார், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விடிகாலையில் அதே ஒரு லிட்டர் 4 நிமிடம் 50 நொடியில் அணைந்திருக்கிறது. அதாவது, ஊரே விளக்கும் மோட்டாரும் போடுகிற மாலையில் வோல்டேஜ் இறங்குகிறது.

இங்கே ஒரு வசதி உண்டு. கெட்டில் தானே ஒரு மீட்டர். தண்ணீரை எடை போட்டு ஊற்றி, வெப்பநிலை பார்த்து, நேரத்தை அளந்தால் எவ்வளவு வாட் உள்ளே போனது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். எடை போடச் சொல்வதற்குக் காரணம், பக்கவாட்டில் இருக்கிற லிட்டர் கோட்டை நம்ப முடியாது. கெட்டில் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே ஐம்பது மில்லி மாறும்.

மாலை அளவை எடுத்துக்கொள்வோம். 6:10-இல் அணையும் தாமதம் 20 நொடியைக் கழித்தால் 350 நொடி. தண்ணீருக்குத் தேவை 310 கிலோஜூல். 350-ஆல் வகுத்தால் 885 வாட். அது தண்ணீருக்குச் சேர்ந்தது. 85 சதவீதம்தான் சேர்ந்தது என்று வைத்தால் கெட்டில் இழுத்தது சுமார் 1040 வாட். மேலே மார்ச் 3 குறிப்பில் உள்ள எண்களைப் பாருங்கள், 200 வோல்ட்டுக்கு நேரே அது இருக்கிறது. மல்டிமீட்டரே இல்லாமல் சாக்கெட்டில் 200 வோல்ட்தான் என்று சொல்லிவிடலாம்.

மார்ச் 4, இரவு

ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. மாலையில் தெரு வோல்டேஜ் இறங்குவது சகஜம், அதற்கு வீட்டுக்காரர் எதுவும் செய்ய முடியாது. ஆனால் 200 வரை இறங்கினால் டியூப்லைட், ஃபேன் எல்லாவற்றிலும் தெரிய வேண்டும். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அப்படியானால் கெட்டில் போடும்போது மட்டும், அந்தச் சாக்கெட்டில் மட்டும் இறங்குகிறதா?

நாளை மாலை அதே கெட்டிலை, அதே அளவு தண்ணீரோடு, வேறு அறையில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். பிறகு சமையலறைச் சாக்கெட்டில் ஓடி முடித்ததும் பிளக்கைக் கழற்றி, அதன் முட்களைத் தொடாமல், பிளாஸ்டிக் பகுதியை மட்டும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைத்து நிற்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்தப் பாயிண்டில் இனி கெட்டில் போடாதீர்கள்.

மார்ச் 5

இடையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? 1000 வாட் கெட்டில் வாங்குங்க, கரண்ட் பில்லும் மிச்சம்."

இந்த நம்பிக்கை எல்லா இடத்திலும் ஓடுகிறது. அதனால் நின்று பதில் சொல்கிறேன். பில் வருவது வாட்டுக்கு அல்ல, வாட்டை நேரத்தால் பெருக்கி வரும் யூனிட்டுக்கு. ஒரு லிட்டர் கொதிக்கத் தேவையான 314 கிலோஜூல் என்பது 0.087 யூனிட். இழப்பையும் சேர்த்தால் 0.1 யூனிட். ஒரு யூனிட்டில் பத்து லிட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதை 1000 வாட்டில் ஆறு நிமிடம் கொடுத்தாலும் 3000 வாட்டில் இரண்டு நிமிடம் கொடுத்தாலும் தண்ணீர் கேட்பது அதே அளவுதான்.

சொல்லப்போனால் குறைந்த வாட்தான் ஒரு துளி அதிகம் தின்னும். சூடேறுகிற கெட்டிலின் உடம்பிலிருந்து சராசரியாக 30, 40 வாட் வெளியே போய்க்கொண்டே இருக்கும். நான்கு நிமிடத்தில் முடித்தால் நான்கு நிமிட இழப்பு, ஒன்பது நிமிடம் இழுத்தால் ஒன்பது நிமிட இழப்பு. வித்தியாசம் பில்லில் தெரியாத அளவு சின்னது. ஆனால் திசை எதிர்த் திசை.

மிச்சம் பிடிக்க ஆசை இருந்தால் வேண்டிய அளவு மட்டும் ஊற்றுங்கள். ஒரு தம்ளருக்கு ஒரு லிட்டர் காய்ச்சுகிறவர் மூன்று, நான்கு மடங்கு செலவழிக்கிறார். எந்த வாட் தேர்ந்தெடுத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

குறைந்த வாட் கெட்டிலுக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு, அது சாக்கெட். 6 ஆம்பியர் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1380 வாட்தான் தாங்கும். 230 வோல்ட்டில் 1500 இழுக்கிற கெட்டிலுக்கு 6.5 ஆம்பியர் வேண்டும். வீட்டில் 6 ஆம்பியர் பாயிண்ட் மட்டும்தான் என்றால் 1000 அல்லது 1200 வாட் வாங்குவதே சரி. மெலிந்த ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டில் போடுவது கூடவே கூடாது, அதிலும் ஒயரைச் சுருட்டி வைத்தபடி. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

மார்ச் 5, இரவு

முடிவு வந்துவிட்டது. இன்னொரு அறையில் அதே மாலை நேரத்தில் 5 நிமிடம் 40 நொடி. சமையலறையில் 6:10. பிளக் "கையை எடுக்க வைக்கிற சூடு" என்கிறார்.

அந்த அரை நிமிடத்தைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். 5:40 என்றால் 210 வோல்ட், 6:10 என்றால் 200. நடுவில் இருக்கிற 10 வோல்ட் சமையலறைப் பாயிண்டில் தொலைகிறது. கெட்டில் 5.2 ஆம்பியர் இழுக்கிறது. பத்தை 5.2-ஆல் பெருக்கினால் 52 வாட். சாலிடரிங் அயர்ன் ஒன்றின் வாட் அது. அதை உங்கள் சுவிட்ச் போர்டுக்குள் வைத்து, தினமும் ஆறு நிமிடம் எரிக்கிறீர்கள். தொலைந்த வாட் எங்கேயும் மாயமாகவில்லை. சுவருக்குள் சூடாகிறது.

மெயின் போர்டில் தானாக விழுகிற சுவிட்ச், எம்சிபி, இதற்கு விழாது. அது பார்ப்பது ஆம்பியரை. இங்கே ஆம்பியர் இயல்பைவிடக் குறைவுதான். லூஸ் கனெக்‌ஷனின் ஆபத்தே இதுதான், வீடுகளில் வழக்கமாக இருக்கிற எந்தக் காவலும் அதைக் கவனிக்காது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நாளைக்கே.

மார்ச் 7

போர்டைக் கழற்றி எடுத்த படத்தைப் போட்டிருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன். நியூட்ரல் ஸ்க்ரூ இருக்கிற பக்கம் வெள்ளைப் பிளாஸ்டிக் தேன் நிறமாகி, ஓரத்தில் கொப்புளித்திருக்கிறது. ஒயரின் கருப்பு உறை ஒரு விரல் நீளத்துக்கு இறுகி, மடக்கினால் உடைகிற மாதிரி வெடித்திருக்கிறது. பித்தளைத் தகடு கருநீலம். இறுக்கம் போனதும் சூடு, சூட்டில் தகடு தளர்ந்து மேலும் இறுக்கம் போவது, அதனால் மேலும் சூடு. இந்தச் சுழல் தானாக நிற்காது.

எலக்ட்ரீஷியன் சாக்கெட்டை மாற்றி, கருகிய ஒயரை வெட்டி, செம்பு பளபளக்கும்வரை சீவி முறுக்கியிருக்கிறார். பழைய ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு மட்டும் போகாமல் சாக்கெட்டையே மாற்றியது நல்ல வேலை. சூடு கண்ட பித்தளைக்குப் பழைய விறைப்பு திரும்பாது.

மாலையில் இப்போது சமையலறையிலும் 5:40. பிளக் லேசான வெதுவெதுப்பு. மீதித் தாமதம் தெரு வோல்டேஜ். அதற்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்கலாம். கெட்டிலுக்காக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம், அர்த்தமில்லாத செலவு.

மார்ச் 9

"கெட்டில் வாங்கிய புதிதில் வேகம், இப்போ மந்தம். அடியில் வெள்ளையா படிஞ்சிருக்கு. அதனாலயா?" என்று ஒருவர்.

உப்புப் படிவத்தைப் பற்றிப் பலரும் சொல்கிற விளக்கம் எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. படிவம் சூட்டைத் தடுக்கிறது, அதனால் கரண்ட் அதிகம் ஆகிறது என்பார்கள். ஆனால் எலிமெண்ட் இழுக்கிற வாட்டைப் படிவம் மாற்றாது. அந்தச் சூடு எப்படியும் எங்காவது போயாக வேண்டும், பெரும்பகுதி தண்ணீருக்குத்தான் போகும். நடுவில் ஒரு தடுப்பு இருப்பதால் எலிமெண்ட் இன்னும் அதிகச் சூட்டுக்கு ஏறி, அந்த உயர்ந்த சூட்டிலிருந்து தள்ளும். நேரத்தில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் சில நொடிகள்.

உண்மையான கேடு வேறு இடத்தில். எலிமெண்ட் அளவுக்கு மீறிச் சூடானால் அடியில் இருக்கிற இன்னொரு பாதுகாப்புத் தகடு, தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது என்று நினைத்து, கொதிக்கும் முன்பே அணைத்துவிடும். திரும்பத் திரும்பப் பாதியில் அணைகிற கெட்டிலுக்கு முதல் சந்தேகம் படிவம்தான். எலிமெண்ட் ஆயுளும் குறையும்.

எலுமிச்சை உப்பு ஒரு மேசைக்கரண்டி, அரை லிட்டர் தண்ணீர், கொதிக்க வைத்து அரை மணி விடுங்கள். நுரைத்துக் கரையும். வினிகரும் வேலை செய்யும், வாடைதான் நாலைந்து தடவை அலசும்வரை போகாது. கம்பி நார் போட்டுச் சுரண்ட வேண்டாம்.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

மார்ச் 2 குறிப்பில் 85, 90 சதவீதம் என்று எழுதியது ஒரு லிட்டருக்கு. அதைக் கால் லிட்டருக்குப் பயன்படுத்தாதீர்கள். அரைக் கிலோ ஸ்டீல் உடம்பு 26-இலிருந்து 100-க்குப் போக 18 கிலோஜூல் கேட்கும். ஒரு லிட்டரின் 310-க்கு முன்னால் அது ஆறு சதவீதம். கால் லிட்டரின் 77-க்கு முன்னால் கிட்டத்தட்ட கால்வாசி. கண்ணாடிக் கெட்டில் இன்னும் கனம், ஒரு கிலோ கண்ணாடிக்கு ஸ்டீலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சூடு வேண்டும், ஆகவே சிறிய அளவுக்கு அதுதான் மந்தம். சுவர் முழுக்கச் சூடாகாத பிளாஸ்டிக் உடம்பு இந்த ஒரு விஷயத்தில் முந்தும். எனக்குப் பிளாஸ்டிக்கில் கொதிநீர் பிடிக்காது, அது வேறு.

மார்ச் 11

வெளிநாட்டில் இருக்கிற நண்பர்கள் சேர்ந்துவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவர்: "இங்கே 120 வோல்ட். அதனால்தான் கெட்டில் மெதுவாம்."

வோல்டேஜ் நேரடியாகக் காரணமில்லை. 120 வோல்ட்டுக்காகச் செய்த 1500 வாட் கெட்டில், 240 வோல்ட்டுக்காகச் செய்த 1500 வாட் கெட்டிலுக்குச் சமமான வேகம்தான். அங்கே சாதாரணச் சாக்கெட் 15 ஆம்பியர் என்பதால் கெட்டில்கள் பெரும்பாலும் 1500 வாட்டிலேயே நின்றுவிடுகின்றன, அதுதான் கட்டு. 1500 வாட்டுக்கே 12.5 ஆம்பியர் ஆகிறது. ஜப்பானில் 100 வோல்ட், கெட்டில்கள் 1200, 1300 வாட்டில் நிற்கின்றன. பிரிட்டனில் 230 வோல்ட், பிளக்குக்குள்ளேயே 13 ஆம்பியர் ஃபியூஸ், எனவே 3000 வாட் கெட்டில் சர்வசாதாரணம். நம் ஒரு லிட்டர் கணக்கில் 105 நொடி, இழப்போடு இரண்டு நிமிடம்.

ஊரிலிருந்து பெட்டியில் கெட்டில் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 240 வோல்ட் 1500 வாட் கெட்டிலை 120-இல் மாட்டினால் பாதி வோல்டேஜ், கால்வாசி வாட், 375. கொதிக்க 16, 17 நிமிடம் ஆகும், ஆபத்து இல்லை. தலைகீழாகச் செய்தால் ஆபத்து. 120 வோல்ட்டின் 1000 வாட் கெட்டிலை 240-இல் செருகினால் அது 4000 வாட் இழுக்கப் பார்க்கும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

மார்ச் 12

3000 வாட் பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990 ஜூலை 4, உலகக் கோப்பை கால்பந்து அரையிறுதி, இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும். பெனால்டியில் இங்கிலாந்து தோற்று ஆட்டம் முடிந்ததும் பிரிட்டனின் மின்தேவை ஒரேயடியாக 2800 மெகாவாட் எகிறியது. ஜனங்கள் எழுந்து போய் விளக்கைப் போட்டார்கள், கெட்டிலைப் போட்டார்கள். ஒரு வீட்டுக்கு 2500 வாட் என்று வைத்தால் பதினோரு லட்சம் கெட்டில்களுக்குச் சமம்.

இந்த மாதிரித் திடீர்த் தேவைக்கு உதவத்தான் வேல்ஸில் டினோர்விக் நிலையம், 1984-இல் திறந்தது. இரவில் தண்ணீரை மலை மேல் ஏரிக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும் கணத்தில் திறந்துவிடுவார்கள். சுழன்று தயாராக இருக்கும் டர்பைன்கள் சில நொடிகளில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் கொடுத்துவிடும். வாட் எவ்வளவு கூடினாலும் யூனிட் கூடாது என்று மார்ச் 5-இல் எழுதினேன், அது வீட்டுக்காரருக்குப் பொருந்தும். மின் நிலையத்துக்கு யூனிட்டைவிட, எத்தனை பேர் ஒரே நிமிடத்தில் சுவிட்சைத் தட்டுகிறார்கள் என்பதே தலைவலி.

மார்ச் 14

மலைப்பகுதி அன்பருக்கு: 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 100 டிகிரி வராவிட்டால் ஆட்டோ கட் வேலை செய்யாதே என்ற பயம் வேண்டாம். கைப்பிடித் தகடு தண்ணீரின் டிகிரியைப் பார்ப்பதில்லை, ஆவி வந்ததா என்று பார்க்கிறது. பிரிட்டனின் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம் 1955-இல் கே1 கெட்டிலில் கொண்டுவந்த உத்தி இது. இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு ஆவிபட்டு வளைந்து சுவிட்சைத் தட்டும். இன்றைய சாதாரணக் கெட்டில்களிலும் அடிப்படை அதே.

மூடி திறந்திருந்தால் அணையாததும் இதனால்தான். ஆவி மேலே போய்விடும், கைப்பிடிக்குள் வராது. மூடி சரியாக அமராத கெட்டில் அணையும் முன் வெட்டியாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். 1400 வாட்டில் 20 நொடி கூடுதலாகக் கொதித்தால் 12 கிராம் தண்ணீர் ஆவியாகும். இரண்டு நிமிடம் என்றால் 70 கிராமுக்கு மேல். கெட்டில் மெதுவாகிவிட்டது என்பவர்கள் மூடியின் ரப்பர் வளையத்தையும் ஒரு முறை பாருங்கள்.

மார்ச் 15

வாட் மீட்டர் வாங்காமல் அளக்க வழி கேட்டிருந்தார்கள். வீட்டு மின் மீட்டரில் சிவப்பு விளக்கு துடிக்கும். பக்கத்தில் யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள், உதாரணத்துக்கு 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கெட்டிலை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத் துடிப்பை எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு துடிப்பு என்றால் 18.75 வாட். 80 துடிப்பு வந்தால் 1500 வாட். ஃபிரிட்ஜை அணைக்க மறந்தால் எண் கெட்டுவிடும்.

ஒன்றை மனதில் வையுங்கள். மீட்டர் காட்டுவது அதைத் தாண்டிப் போன எல்லாவற்றையும். கெட்டிலுக்குச் சேர்ந்ததும் அதில் உண்டு, லூஸ் சாக்கெட்டில் கருகியதும் உண்டு. துடிப்புக் கணக்கில் வரும் வாட்டுக்கும், தண்ணீரை வைத்துப் போட்ட வாட்டுக்கும் இடையே இருக்க வேண்டியது 10, 15 சதவீத இழப்புதான். வழக்கமான அளவைவிட அந்த இடைவெளி கூடினால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.

மார்ச் 18

இன்வெர்ட்டரில் கெட்டில் போடலாமா என்று கேட்டவருக்கு. உங்கள் 900 விஏ இன்வெர்ட்டர் 1500 வாட்டைத் தாங்காது, ஓவர்லோட் என்று கத்தி நின்றுவிடும். பேட்டரியில் சரக்கு இல்லாமல் இல்லை. 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1.8 யூனிட் கணக்கில் இருக்கிறது. அரை லிட்டர் கொதிக்க வேண்டியது 0.05 யூனிட். இழுக்கிற வேகம்தான் அதற்கு ஆகாது. 1500 வாட் என்றால் 12 வோல்ட்டில் 125 ஆம்பியர்.

பயணத்துக்கு விற்கிற 600 வாட் சின்னக் கெட்டில் ஓடும். அரை லிட்டர் ஐந்து நிமிடம் சொச்சம். பேட்டரியிலிருந்து 50 ஆம்பியருக்கு மேல் போகும், எனவே பேட்டரி முனைகளில் பூத்திருக்கிற பச்சையைத் துடைத்து, நட்டை இறுக்கிவிட்டுப் போடுங்கள். அந்த நேரத்தில் ஃபேன், லைட் ஓடினால் அவற்றின் வாட்டையும் கூட்டிப் பாருங்கள். காரில் செருகுகிற 12 வோல்ட் கெட்டிலையும் கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் 150 வாட். அரை லிட்டருக்குக் கணக்கிலேயே பதினேழு நிமிடம், நடப்பில் இருபதைத் தாண்டும். இன்ஜினை அணைத்துவிட்டுப் போட வேண்டாம்.